வயலட் மிட்டாய்

மருந்து ஏற்றும் நாளில் மாத்தே வேண்டாம் என்றான்
செவிலியன் யமாந்தூ.
தார்தோ பிளாஸ்க்கை அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டார்,
பிள்ளையைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோல.
முப்பத்தொரு ஆண்டுகள்
ஆற்றுப்பாலத்துச் சுங்கச் சாவடியில்
ஒரு கை முத்திரை குத்தும்,
மறு கையில் சுரைக்குடுக்கை, உலோக உறிஞ்சி, அந்தப் பச்சைக் கசப்பு.
பய்சாந்தூவில் இதைப் பழக்கம் என்று சொல்லமாட்டோம்.
உடம்பில் ஓர் உறுப்பு.

யமாந்தூ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
"நாக்கு இப்போது சொல்வதையும்
வயிறு நாலு மணி நேரம் கழித்து அலறுவதையும்
மூளை ஒரே புகாராக எழுதிக்கொள்ளும், ஐயா.
ஊசிதான் குற்றவாளி என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
காதுக்கு மேலே, உள்ளே மடிந்து ஒளிந்திருக்கும்
அந்தத் துண்டுக்குத் தெரியாது.
அது விசாரிக்காது.
கடைசியாக வாய்வழி வந்த அந்நியன் யார்? பிடி, உள்ளே போடு.
அவ்வளவுதான்."

அந்த மாதத்தில் முதல்முறையாகத் தார்தோ சிரித்தார்.
"எங்கள் ஆபீஸ்தான்.
தினமும் போய்வருகிற லாரியைக் கையசைத்து அனுப்பிவிடுவோம்.
புதுமுகம் என்றால் டயரைக்கூடக் கழற்றிப் பார்ப்போம்.
ஆனால் மாத்தே பழைய லாரியாயிற்றே?"

"ஆறு முறை வாந்தி எடுத்தால்
பழைய லாரியையும் சந்தேகப்படுவீர்கள்.
அதனால் முன்னால் ஒரு புதுமுகத்தை அனுப்புவோம்."

சட்டைப்பையிலிருந்து எடுத்தான்:
வயலட் மிட்டாய்.
சோப்பும் சர்க்கரையும் வீட்டைவிட்டு ஓடிப்போய்க்
கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு வாசம்.
முன்பு தின்றதுண்டா என்றான்.
"செத்தாலும் தின்னமாட்டேன்" என்றார் தார்தோ.
அந்தச் சொல்லை மூவரும் காதில் வாங்காததுபோல் இருந்தோம்.
"ரொம்ப நல்லது" என்றான் யமாந்தூ.
"பழியை இது சுமக்கட்டும்."

செவ்வாய்க்கிழமைகள். ஆறு சுற்று.
அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
அவரைத் தனியாகத் தின்னவிட மனம் வரவில்லை.
அவர் கன்னத்துக்குள் மிட்டாய் பல்லில் தட்டும்,
டக், டக்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு, அக்கரையில் அர்ஜென்டினா.
குழந்தைத் தொட்டிலில் நாலு சீஸ் உருண்டைகளுக்குக்
கம்பளித் தொப்பி மாட்டிக் கொண்டுவந்தவளைப் பற்றிச் சொன்னார்.
பிடித்தாயா என்றேன்.
ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்ப மனமில்லை என்றார்.
முப்பத்தொரு ஆண்டில் ஒருமுறைகூட
வீட்டில் சொல்லாத கதை.

மூன்றாம் சுற்றில்
உறை பிரியும் சரசரப்புக்கே குமட்டினார்.
யமாந்தூ தொட்டியை நீட்டியபடி
"கற்றுக்கொண்டுவிட்டது!" என்று மகிழ்ந்தான்,
மக்குப் பையன் பாஸானதுபோல.
மாத்தே தப்பித்தது.
வாயெல்லாம் புண்ணோடு மறுநாள் காலை குடித்தார்,
முகம் சுளிக்கவில்லை.
கடைசி வாரம்வரை குடித்தார்.

அது ஆகஸ்டில்.

அவர் குடுக்கையில்தான் இப்போதும் குடிக்கிறேன்.
ஒன்றும் நடப்பதில்லை.
கசக்கிறது, சூடாக இருக்கிறது, தீர்ந்துபோகிறது.
எல்லா நாளும் அதற்குள் இருப்பதால்
எந்த ஒரு நாளையும் அது எடுத்துத் தருவதில்லை.

பஸ் நிலையக் கடையில், ஏதோ நினைப்பில்,
வயலட் மிட்டாய் வாங்கினேன்.
இதை யார் தின்கிறார்கள் என்றாள் கடைக்காரப் பெண்.
வாயில் போட்டதும்
செவ்வாய்க்கிழமை.
தொப்பி மாட்டிய சீஸ். டக், டக்.
அவர் சாவடியில் அது கைதி.
என் வயிற்றுக்கு அது ஒரு தீங்கும் செய்யவில்லை,
என் பக்கம் அதன்மேல் வழக்கே கிடையாது.
கைநிறைய அவரைக் கடத்திக்கொண்டு
பட்டப்பகலில் நடந்து வருகிறது.

பொட்டலம் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.
மாதத்துக்கு ஒன்று, அதற்குமேல் இல்லை.
அடிக்கடி வரவிட்டால்
முகம் பழகிவிடும்.
ஒருநாள் நானும் நிறுத்தாமல்
கையசைத்து அனுப்பிவிடுவேன்.